உங்களுக்குத் தெரியுமா? பெர்ஹெந்தியனில் மழைக்காலம், லங்காவியில் வெயில்!

கோலாலம்பூர், தாமான் நெகாரா காடு, பிறகு ஒரு தீவு என்று மலேசியாவைச் சுற்றத் திட்டமிடுவோர் பலர் விமானக் கட்டணத்தைப் பார்த்தே தேதி குறிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்றை. தமிழகத்துக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையையும் தாக்குகிறது. பெர்ஹெந்தியன், ரெடாங் தீவுகளைச் சுற்றிக் கடல் கொந்தளிக்கும். பெரும்பாலான விடுதிகள் பிப்ரவரி வரை மூடிக்கிடக்கும். அதே டிசம்பரில், இடையிலுள்ள மலைத்தொடர்கள் மறைப்பதால், மேற்கே லங்காவியில் வெயில் தொடங்கியிருக்கும். தாய்லாந்திலும் இதே கதைதான்: அந்தமான் கடலிலுள்ள சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகின்றன, ஜூலையில் வளைகுடாப் பக்கத்துக் கோ சமுய்க்குத் தாராளமாகப் போகலாம்.

“அங்கே ஆண்டு முழுக்க மழைதானே, எப்போது போனால் என்ன?” என்று கேட்கலாம். நகரத்துக்கு அந்த வாதம் சரி. மாலை மழை பெய்து ஓயும்வரை அருங்காட்சியகத்தில் இருக்கலாம். காட்டிலோ ஆற்று வெள்ளம் பாதையை மறிக்கும். தீவுக்குப் படகே ஓடாது. ஆகவே தீவை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றவை அதற்கேற்ப அமையட்டும். அரையாண்டு விடுமுறைக்கு லங்காவி, கோடை விடுமுறைக்குப் பெர்ஹெந்தியன்.