தேற்றாத்தீவில் பெரிய மோட்டார் ஏன் வேண்டாம்?

அயல்நாட்டு வியாபாரம் என்றதும் நம்மவர்களுக்கு துபாய், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. பக்கத்தில் இருக்கும் இலங்கையை, அதுவும் அங்குள்ள சிற்றூர்களை, யாரும் சந்தையாகக் கருதுவதில்லை. கோவையில் தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றும் நான், வேலை நிமித்தமாக மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள தேற்றாத்தீவுக்குச் சென்று வந்தேன். அங்கே அறிந்து கொண்ட விஷயங்கள், வெளியூர்களுக்குப் பொருள் அனுப்பும் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஊரின் அமைப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை செல்லும் சாலையில் தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தொலைவில் தேற்றாத்தீவு இருக்கிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம் ஆகிய ஊர்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். அடுத்து வருவது களுதாவளை. பக்கத்துச் சிறுநகரம் களுவாஞ்சிக்குடி.

பெயரில் தீவு இருந்தாலும் இது நான்கு புறமும் நீர் சூழ்ந்த ஊர் அல்ல. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே ஒரு மணல் நிலம். சூரியன் எழும் பக்கம் என்பதால் இந்தப் பகுதியை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் உள்ள வயல் பகுதியைப் படுவான்கரை என்றும் அழைக்கிறார்கள். தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் வெற்றிலை, மிளகாய், வெங்காயம் முதலியவற்றைக் கிணற்று நீரில் பயிரிடுகிறார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் கொட்டையைத் தரும் தேற்றா மரத்தின் பெயரால் இந்த ஊர் அமைந்தது என்கிறார்கள்.

மின் மோட்டாருக்குத் தேவை வந்தது எப்படி?

இலங்கையில் தோட்டக்காரர்கள் பலர் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கொண்டே நீர் இறைத்து வந்தார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு லிட்டர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மீனவர்களும் விவசாயிகளும் திகைத்துப் போனார்கள். மின்வெட்டு ஓய்ந்த பிறகு, மின்சார மோட்டாரே மேல் என்ற எண்ணம் பரவியது. எங்கள் நிறுவனத்துக்குக் காத்தான்குடியிலுள்ள ஒரு ஹார்ட்வெயர் கடையிலிருந்து விசாரணை வந்ததும் இதனால்தான்.

கடைக்காரர் கேட்டது 2 ஹெச்.பி. மோட்டார். விலை அதிகம், லாபமும் அதிகம். எங்கள் அலுவலகமும் அதையே எதிர்பார்த்தது. ஆனால் பொருள் எந்தக் கிணற்றில் இறங்கப் போகிறது என்பதைப் பார்க்காமல் ஆர்டரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஹாஜியாரையும் அழைத்துக் கொண்டு தேற்றாத்தீவுத் தோட்டங்களுக்குச் சென்றேன்.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

அங்கே ஒரு பெரியவர் தம் கிணற்றைக் காட்டினார். சில அடி ஆழத்திலேயே தண்ணீர் தெரிகிறது. "தம்பி, இதுக்குப் பெரிய மோட்டர் பூட்டினா உவர் வந்திரும். பிறகு வெத்திலையும் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல" என்றார்.

அவர் சொன்னதற்கு விஞ்ஞான விளக்கம் இருக்கிறது. இத்தகைய கடலோர மணல் நிலத்தில் நிலத்தடி நன்னீர் என்பது மழை நீர்தான். அது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. கடல் நீர் நன்னீரை விட லிட்டருக்குச் சுமார் 25 கிராம் எடை கூடியது. இந்தச் சிறு வித்தியாசத்தால்தான் நன்னீர் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் அறிஞர்களின் கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால் ஆபத்து புரியும். மேலே நீர்மட்டம் ஒரு அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறி வர வழி ஏற்படுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தக் கரையோரத்தில் ஏராளமான கிணறுகளில் கடல் நீர் புகுந்தது. சுத்தம் செய்வதற்காகக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு நீர் மேலே இழுக்கப்படும் என்று ஆய்வாளர்கள் அப்போது எச்சரித்தார்கள். உப்பைக் கழுவிக் கொண்டு போனது வடகிழக்குப் பருவமழைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் அதன் அளவு சுமார் 3,500 லிட்டர். நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கும் பெரிய மோட்டார் அதைப் பன்னிரண்டு நிமிடங்களில் உறிஞ்சிவிடும். ஊற்று அந்த வேகத்தில் ஊறாது. நிமிடத்துக்கு 80 லிட்டர் இறைக்கும் அரை ஹெச்.பி. மோட்டாருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஊற்றும் ஓரளவு ஈடு கொடுக்கும்.

பயிரின் தேவையும் அப்படியே. மணல் நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரேயடியாகப் பாய்ச்சினால் உரத்தையும் சேர்த்துக் கொண்டு கீழே போய்விடும். வெற்றிலைக் கொடிக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடுவதே முறை. ஆக, சிறிய மோட்டாரே பயிருக்கும் கிணற்றுக்கும் ஏற்றது.

இதைக் கடை மேசையில் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது ஹாஜியார், "பெரிய மோட்டர்லதானே நமக்கு நாலு சல்லி மிஞ்சும்" என்றார். சற்று யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "கிணறு உவராப் போனா அந்த மனிசன் மோட்டரைக் குறை சொல்ல மாட்டான். காத்தான்குடிக் கடைக்காரன் கெடுத்துட்டான் என்டுதான் சொல்லுவான்."

இந்தச் சொல்லின் கனம் மட்டக்களப்பின் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். 1990இல் இப்பகுதியில் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்லவே அஞ்சிய காலம் இருந்தது. அந்த அச்சத்தைக் குறைத்ததில் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கிணறு கெட்டால் கெடுவது அந்த நம்பிக்கையும்தான்.

இறுதியில் அரை ஹெச்.பி. மோட்டார்களுக்கே ஆர்டர் எழுதினோம். கூடவே ஃபுட் வால்வு, வாட்டர் சீல் போன்ற உதிரி பாகங்களையும் சேர்த்தோம். ஆர்டரின் மொத்த மதிப்பு அலுவலகம் எதிர்பார்த்ததில் பாதியைக் கூட எட்டவில்லை. மேலாளருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. காரணத்தை எழுதிக் கொடுத்தேன்.

செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1. சுற்றுலா விசா வேறு, வணிக விசா வேறு. ஆர்டர் பேசப் போகிறவர் வணிகப் பயணம் என்று குறிப்பிட்டே அனுமதி பெற வேண்டும்.

2. இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் பொருள் சலுகைப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். சலுகை பெற, பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழ் அவசியம்.

3. மின்னழுத்தம் இரு நாடுகளிலும் 230 வோல்ட்தான். ஆனால் இலங்கையில் சதுர முள் கொண்ட 13 ஆம்பியர் பிளக் தரநிலையாக்கப்பட்டுள்ளது. நம் ஊர் உருண்டை முள் பிளக்கோடு அனுப்பாதீர்கள்.

4. 2022 தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த ஒரு டாலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. விலையை எந்த நாணயத்தில், எந்தத் தேதி மதிப்பில் பேசுகிறீர்கள் என்பதை எழுத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

5. கடைக்காரரோடு நின்றுவிடாமல், பொருளைப் பயன்படுத்தப் போகிறவரையும் நேரில் பாருங்கள். அவருடைய கிணற்றையும் மண்ணையும் பாருங்கள்.

விற்கும் பொருளில் உள்ள குறையை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த மார்க்க நெறி. பொருளில் குறையே இல்லாவிட்டாலும், அது அவருடைய நிலத்துக்குப் பொருந்தாது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மையான வியாபாரம். சிற்றூர்களில் ஒருவர் வாங்கிய பொருளைப் பற்றி ஊரே பேசும். அங்கே அதைவிடப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை.