குற்றாலச் சாரலும் ஓசோன் குடையும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கத்தில் ஒரே பேச்சுதான். "சாரல் பிடித்துவிட்டதா? பேரருவியில் தண்ணீர் விழுகிறதா?" கடைக்காரர் முதல் கார் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அதுவே கவலை. அந்த மூன்று மாதச் சாரலை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஆனால், இந்தச் சாரல் தென்காசியில் பிறப்பது அல்ல. அரபிக் கடலில் கிளம்பிய மேகம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு மலை ஏறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. மிச்சம் மீதிதான் நமக்குச் சாரல்! புளியரைச் சோதனைச் சாவடியில் லாரி நிற்கும். மேகம் நிற்குமா?

காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆகவே காற்றைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது. பல நாட்டார் கூடி ஆராய்ந்து, பெரிய ஆபத்து ஒன்றைத் தடுத்திருக்கிறார்கள். அதுதான் ஓசோன் கதை. அந்தக் கதையில் நம் பக்கத்து மலைகளுக்கும் பங்கு உண்டு.

தோசைக் கனம்!

ஓசோன் என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் பிராண வாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓசோன். தரைக்கு அருகே இது இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதி. ஆனால் சுமார் 15 முதல் 35 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு நமக்குக் குடை பிடிக்கிறது. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. குடை கிழிந்தால் தோலில் புற்றுநோய் வரும். கண்ணில் புரை விழும். பயிரும் பாதிக்கும்.

குடை மிகவும் மெல்லியது. ஆகாயத்தில் உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால், மூன்று மில்லி மீட்டர் கனம்தான் இருக்கும். ஒரு தோசைக் கனம்!

கப்பலில் போன தகடுகள்

இந்த மெல்லிய குடையை அளக்க வழி கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாப்சன் என்ற விஞ்ஞானி. 1928-ம் ஆண்டு அவர் தம் கருவிகளை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்கு ஒன்று, எகிப்துக்கு ஒன்று, நியூசிலாந்துக்கு ஒன்று, இந்தியாவில் கொடைக்கானலுக்கு ஒன்று! தென்காசியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கொடைக்கானல் சுமார் 140 கிலோ மீட்டர்தான்.

சூரிய ஒளி பதிந்த போட்டோத் தகடுகள் கொடைக்கானலிலிருந்து கடல் கடந்து ஆக்ஸ்போர்டுக்குப் போயின. அங்கே கணக்குப் பார்த்தார்கள். ஓர் அதிசயம் தெரிந்தது. வெயில் கொளுத்தும் நம் நாட்டின் மேலே ஓசோன் குறைவு! குளிர் நாடுகளில் அதிகம்!

காரணம் பின்னர் புரிந்தது. ஓசோன் பெரும்பாலும் வெப்ப நாடுகளின் மேலேதான் உண்டாகிறது. மேல்காற்று அதை மெதுவாக வடக்கேயும் தெற்கேயும் கொண்டுபோகிறது. கடலின் மேகம் நமக்கு மழையாவதைப் போல, நம் தலைக்கு மேல் பிறந்த ஓசோன் பிறருக்குக் குடையாகிறது.

பீர்மேட்டுப் பெண்மணி

1957-ல் உலக நாடுகள் கூடி "சர்வதேச புவி பௌதிக ஆண்டு" கொண்டாடின. அப்போது பல நாடுகளில் ஒரே மாதிரிக் கருவியால் ஓசோனை அளக்கத் தொடங்கினார்கள். கடைக்குக் கடை படி வேறானால் கணக்கு உதைக்கும் அல்லவா? அதனால்தான் எல்லோருக்கும் ஒரே படி! கொடைக்கானலும் அதில் சேர்ந்தது.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் இத்துறையில் பெரும் புகழ் பெற்றவர். சர்.சி.வி. ராமனின் மாணவர். சர்வதேச ஓசோன் கமிஷனுக்கே தலைவராக இருந்தார்.

ராமனிடம் பயின்ற இன்னொருவர் அன்னா மாணி. 1918-ல் மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் பிறந்தவர். பெண்கள் பட்டம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் வானிலைத் துறைக்கு வந்தார். பலூனில் கட்டிப் பறக்கவிடும் இந்திய ஓசோன் கருவி 1960-களில் இவர் தலைமையில் உருவாயிற்று. கருவிக்குள் ஒரு சிறு பம்பு. அது காற்றை உறிஞ்சி ஒரு ரசாயனக் கரைசலுக்குள் விடும். ஓசோன் பட்டதும் கரைசலில் மின்சாரம் உண்டாகும். அந்த அளவை ரேடியோ தரைக்குச் சொல்லும். டில்லி, புனா, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களிலிருந்து இக்கருவிகள் பறந்தன. அண்டார்டிகாவில் உள்ள நம் நாட்டு மைத்ரி நிலையத்திலிருந்தும் பறந்தன!

குடையில் ஓட்டை

1985-ல் ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. தென் துருவத்தின் மேலே ஓசோன் குடையில் ஓட்டை!

அங்கே ஹாலி என்ற நிலையத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950-களிலிருந்து டாப்சன் கருவியால் அளந்து வந்தார்கள். பழைய கணக்கோடு ஒப்பிட்டபோது, வசந்த காலத்தில் ஓசோன் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் எழுதி வைத்த கணக்குதான் உலகைக் காப்பாற்றியது.

குற்றவாளி யார்? பிரிட்ஜிலும், ஏ.சி.யிலும், சென்ட் டப்பாவிலும் இருந்த குளோரோ புளோரோ கார்பன் என்ற வாயு! வடக்கே கசிந்த வாயு தென் துருவத்தில் ஓட்டை போட்டது.

இந்த வாயு வெப்பத்தையும் பிடித்து வைக்கிறது என்று 1975-லேயே கண்டுபிடித்தவர், சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அமெரிக்கா போகுமுன் பிரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர்!

1987 செப்டம்பர் 16-ந் தேதி மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. ஏழை நாடுகளின் செலவுக்குப் பணக்கார நாடுகள் பணம் தர வேண்டும் என்று இந்தியா வாதாடியது. அதற்கு நிதி ஏற்பட்டது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2008-ல் நம் நாட்டில் இந்த வாயுவின் உற்பத்தி நின்றது. பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன. உலகின் பெரும்பகுதியில் 2040-ம் ஆண்டு வாக்கில் குடை பழைய நிலைக்கு வரும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். தென் துருவத்தில் 2066 வரை ஆகலாம்.

அடுத்த கணக்கு

குடையை ஒட்டுப்போட முடிந்தது. மழைக்கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல.

1999-ல் இந்தியா, மாலத்தீவு, அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி இந்து மகா சமுத்திரத்தின் மேலே ஆராய்ந்தார்கள். குளிர் காலத்தில் காற்று நம்மிடமிருந்து கடலுக்குப் போகிறது. நாம் அனுப்பிய புகை பழுப்பு மூட்டமாகக் கடல் மேல் கிடந்தது! மழை காலத்தில் அதே கடலிலிருந்துதான் நமக்குச் சாரல் வருகிறது.

காற்றில் ஒரு டிகிரி வெப்பம் கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமை கூடினால் இறக்குவதும் ஒரேயடியாக இருக்கும்.

2024 மே 17-ந் தேதி குற்றாலம் பழைய அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்தவர்கள் அலறி ஓடினார்கள். ஒரு மாணவன் உயிரிழந்தான். ஒரு வெள்ளத்தைக் காட்டி, உலக வெப்பத்தால் வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். மலைமேல் பெய்யும் மழையைப் பார்க்கிறவர், அருவியில் நிற்கிறவருக்கு உடனே சொல்லியாக வேண்டும். ராடார் கேரளத்தில் இருக்கலாம். மழைமானி தமிழ்நாட்டில் இருக்கலாம். தகவல் ஒன்றாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களும் கை கொடுக்கலாம். பழைய பிரிட்ஜ், ஏ.சி.யைக் கண்ட இடத்தில் உடைக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயுவை முறையாக எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அருவியில் அபாயச் சங்கு ஒலித்தால் "இன்னும் ஒரு முழுக்கு" என்று நிற்காதீர்கள், உடனே கரையேறுங்கள்.

போட்டோத் தகட்டைக் கப்பலில் அனுப்பிய காலத்திலேயே நாடுகள் கூடிக் கணக்குப் பார்த்தன. நொடியில் செய்தி பறக்கும் இந்தக் காலத்தில், மலைக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் கூடிப் பார்க்க முடியாதா?