முட்செடிகளும் நமது கல்லறைத் தோட்டங்களும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் முள்ளைக் குறித்துப் பிரசங்கிக்கும் ஆயர்கள் பெரும்பாலும் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தையே நாடுகின்றனர். முள் என்றால் சாபம், அகற்றப்பட வேண்டியது. இக்கருத்து பிரசங்க பீடத்தோடு நின்றால் பெருந்தீங்கில்லை. அது சபையின் நிலத்தில் இயந்திரமாக இறங்கும்போதுதான் இடர் நேர்கிறது.

இம்மாவட்டத்தின் மேற்கேயுள்ள மலைச்சரிவுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1988-இல் திருவில்லிபுத்தூரில் சாம்பல் நிற மலை அணில்களுக்கெனச் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையுடன் இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று. ஆனால் மலையின் மழைமறைவில் கிடக்கும் கிழக்குச் சமவெளிக்கு அத்தகைய காவல் இல்லை. இதன் வறட்சியே தீப்பெட்டியையும் பட்டாசையும் உலர்த்தித் தந்து நம் மக்களுக்குப் பிழைப்பளித்தது. அதே வறட்சிக்கேற்ப வளர்ந்த முட்புதர்க்காடோ, பதிவேடுகளில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டது.

அக்காட்டை ஒரு சமூகம் எனலாம். தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் உரிய குடைவேல மரத்தை நம் மக்கள் உடை என்பர். அதன் காய் ஆட்டுக்குத் தீனி. அதன் நிழல் ஆட்டிடையனுக்குக் கூடாரம். உசிலையின் இலை அரப்புத் தூளாகிறது. சூரையும் இலந்தையும் பறவைகளுக்குக் கனி தருகின்றன. முட்புதரின் அடியில், வெயிலுக்கும் ஆட்டின் வாய்க்கும் தப்பிக் கள்ளிமுளையான் வளர்கிறது. ஏழைகள் பச்சையாகவே உண்ணும் இச்சிறு செடி, உடல் பருமனைக் குறைக்கும் மருந்துக்கென வணிகர் தேடும் பொருளாகிவிட்டது. மேலுள்ள புதரை வெட்டினால் அதுவும் கருகிவிடும். ஒன்றின் காவலில் ஒன்று நிற்கிறது.

இச்சமூகத்தின் இடத்தைப் பிடித்தது சீமைக் கருவேல். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்காக அரசினரே பரப்பிய காலமும் உண்டு. வெட்டிய கட்டை மீண்டும் தழைக்கும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை ஊரெங்கும் செல்லும். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதனை அகற்ற ஆணையிட்டது. அவ்வாண்டே அப்பணிக்குத் தடையும் வந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இம்மரத்தைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளை மறந்து இதனைச் சபிப்பது எளிது. நாம் அதற்கு உடன்படவில்லை.

நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிராமச் சபையின் கல்லறைத் தோட்டத்தில், சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் காணாத முதிய உடைகளும் உசிலைகளும் நின்றன. கல்லறைத் திருநாளை முன்னிட்டு, முள்ளை அகற்றுவதாகக் கருதி, இயந்திரத்தால் யாவற்றையும் சமன்செய்தனர். மழைக்குப் பின் முளைத்தது சீமைக் கருவேல் மட்டுமே. அச்சபையாரை நாம் குறைகூறோம். முள்ளில் இனம் உண்டென்று அவர்களுக்கு எவரும் கற்பித்ததில்லை. யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி சீத்திம் மரத்தால் செய்யப்படுகிறது. அது பாலைநிலத்து வேலமரமே, அதாவது நமது உடைக்கு உறவான முள்மரமே என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. மூன்றாம் அதிகாரத்தைப் போதித்த நாம் இதனையும் போதித்திருக்கலாம்.

பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்துக் கொட்டகைகளைச் சுற்றிப் புல்பூண்டின்றி வைப்பது உயிர்க்காவலுக்கான விதி. அதில் நாம் தலையிடலாகாது. எனவே கண்மாய்க் கரை, கோயில் நிலம், கல்லறைத் தோட்டம் ஆகியவையே இச்செடிகளுக்கு எஞ்சிய புகலிடங்கள். இவற்றுள் கடைசியானது நம் கையில் உள்ளது.

வெட்டுமுன் பூவைப் பார்க்க வேண்டும். உடையின் பூ வெண்ணிறச் சிறு உருண்டை, முட்கள் வெண்மையாய் நீண்டிருக்கும், காய் வளைந்திருக்கும். சீமைக் கருவேலின் பூவோ மஞ்சள் சாயலுள்ள கதிர். முந்தியதற்குச் சுண்ணாம்பால் குறியிட்டு விட்டுவிடலாம். பிந்தியதை ஒரே நாளில் அழிக்காமல் பகுதி பகுதியாக வேரோடு எடுத்து, ஐப்பசி மழைக்குமுன் அவ்விடத்தில் உசிலையோ உடையோ நட வேண்டும். முளைக்கும் சீமைக் கருவேல் நாற்றுகளை அடுத்த சில மழைக்காலங்களிலும் கையால் பிடுங்க வேண்டியிருக்கும். இளங்கன்றுகள் ஆட்டுக்கு எட்டாத உயரம் வளரும்வரை கல்லறைத் தோட்டத்தின் வாயிலை அடைத்து வைப்பதும் கோயில்பிள்ளையின் பொறுப்பாகட்டும்.