ஏழு குழியும் ஏழு கூடையும்

பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் உள்ள மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டிலிருந்த தாய் தகப்பன் பலர் தப்பவில்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலரது உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. அவர்களை நினைத்து ஒரு தாபனக் கலைப் படைப்புச் செய்தால் என்ன என்ற பேச்சு எங்கள் மாதர் குழுவில் வந்தது. தாபனக் கலை என்பது சுவரில் மாட்டும் படமல்ல. பொருட்களை ஓர் இடத்தில் வைத்து, பார்ப்பவர் அதற்குள்ளே நடந்து, தொட்டுப் பழகும்படி செய்வது.

வடக்கில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். 80 பேரின் வீடுகள் அப்படிச் சேர்ந்து, 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. கிணறு, வேலி, மாமரம் என்று ஒவ்வொருவரும் கீறிய கோடுகளைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அதை அப்படியே எங்களால் எடுக்க முடியாது. எங்களுக்குத் தோம்பு ஏது? காணி தோட்டத்துக்குரியது, லயமும் தோட்டத்துக்குரியது. ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னால் எல்லோரும் ஒரே காம்பராவைத்தான் வரைவார்கள். எங்களுடையது என்று சொல்ல லயத்து வாசலில் விளையாடிய விளையாட்டும், இரவிரவாகப் பார்த்த கூத்தும்தான் இருந்தன. ஆகவே விளையாட்டையும் புராணத்தையும் சேர்த்து யோசிப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்த யோசனை பரமபதம். மலைச்சரிவையே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏணியும் பாம்பும் வைப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பரமபதத்தில் பாம்பு சும்மா கடிப்பதில்லை. பாவம் செய்தவன் கீழே விழுவான், புண்ணியம் செய்தவன் மேலே ஏறுவான் என்பதுதான் அந்தப் பலகை சொல்லும் கதை. "அப்போ மண்ணுக்குள்ள போனவங்க என்னா பாவம் செஞ்சாங்க?" என்று குழுவில் ஒரு தங்கச்சி கேட்டாள். அதோடு அந்த யோசனை போயிற்று. அவள் கேட்டது நியாயம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் மக்கள் அதே லயங்களில் இருக்க நேர்ந்ததைப் பாவக்கணக்கில் எழுதிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும்.

அடுத்தது காமன் கூத்து. மாசி மாதத்தில் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆடுவது. சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து போகிறான். ரதி அழுது புலம்பி வரம் கேட்கிறாள். கிடைத்த வரம் விசித்திரமானது. அவன் உயிரோடு இருப்பான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளையின், கணவனின் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் சகோதரிகளுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கூத்து, ஆடுபவர்களுடையது. அதைத் துண்டாக வெட்டி எடுத்துக் காட்சிக்கு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் பல்லாங்குழிக்கு வந்தோம். அதில் ஒருத்தி தனியாக ஆடும் வகை ஒன்று உண்டு. சீதைப் பாண்டி என்று அதற்குப் பெயர். அசோகவனத்தில் சீதை தனியே இருந்து ஆடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வனம் எங்களுக்குத் தூரமில்லை. நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு வரும் வீதியோரம் சீதா எலியவில்தான் சீதை அம்மன் கோவில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஆட்டம் இது. ஏழு குழிகளை வட்டமாக வைத்து 7, 6, 5, 4, 3, 2, 1 என்று வரிசையாகக் கொட்டைகளை இடவேண்டும். மொத்தம் 28. ஏழு இருக்கும் குழியை வழித்தெடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால், கடைசிக் கொட்டை எடுத்த குழியிலேயே விழும். இப்போது பக்கத்துக் குழியில் ஏழு இருக்கும். அதை எடுத்து அதேபோல் போட வேண்டும். ஏழு தடவை ஆடினால் பழையபடி 7, 6, 5 என்று வந்து நிற்கும். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. கை ஓயாமல் ஓடும், பொழுது போகும். காத்திருப்பவள் கண்டுபிடித்த ஆட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையே பெரிதாகச் செய்வோம், மண்ணில் ஏழு குழி வெட்டுவோம் என்றேன். வயதான ஓர் அம்மாயி உடனே மறித்தார். "வேணாம் புள்ள. மண்ணுக்குள்ள போன சனத்துக்கு மறுபடியும் மண்ணத் தோண்டிக் காட்டாதீங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "கூட வைங்க."

ஆகவே குழிக்குப் பதில் கொழுந்துக் கூடை. ஏழு கூடைகளைத் தரையில் வட்டமாக வைக்கிறோம். கொட்டைக்குத் தேயிலைக் கொட்டை. உருண்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். ஒரு கூடையிலிருந்து மற்றதற்கு நடந்துதான் போடவேண்டும் என்பதால், ஆடுகிறவர் வட்டமாகச் சுற்றி வருவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம்; மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கொட்டையில் பெயர் எழுதலாமா என்பதில் இன்னும் இழுபறி. நான் வேண்டாம் என்கிறேன். பெயர்களைக் கையால் அள்ளிப் போடுவது சரியாகப் படவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்காக என்று எப்படித் தெரியும் என்கிறார்கள் மற்றவர்கள். அதுவும் சரிதான்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிப் போரையும் அனுபவித்த குடும்பங்கள் பல. அங்கே இருக்கும் சகோதரிகள் இதை வாசித்தால், உங்களுக்குத் தெரிந்த சீதைப் பாண்டியை எப்படி ஆடுவீர்கள், எத்தனை கொட்டை, என்ன பாட்டு என்று எழுதுங்கள். பெயர் எழுதும் விஷயத்திலும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். கூடைகள் ஐந்து சேர்ந்துவிட்டன. இன்னும் இரண்டு வேண்டும்.