நாராவின் மான்கள், கியோத்தோவின் கற்கள்

நாரா நகரம் ஜப்பானின் தலைநகராக இருந்தது 710 முதல் 784 வரை மட்டுமே. பத்தாண்டுகளுக்குப் பிறகு கியோத்தோ தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெருமையை வைத்துக்கொண்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்தான். ஜப்பானின் கோயில்களையும் தோட்டங்களையும் காட்டு விலங்குகளையும் குறைந்த நாட்களில் பார்க்க விரும்புபவருக்கு இந்த இரண்டு ஊர்களும் போதும். பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்கள் கியோத்தோவுக்கு மூன்று நாள், நாராவுக்கு அரை நாள் என்று நிரல் போடுகின்றன. அந்தக் கணக்கு சரியில்லை. நாராவுக்குக் குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும்.

கிந்தெத்சு நாரா நிலையத்தில் இறங்கிக் கிழக்கே ஐந்து நிமிடம் நடந்தால் கொஃபுகு-ஜி கோயில் வந்துவிடும். ‘ஜி’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் புத்தர் கோயில்களுக்கு உரியவை. ‘தைஷா’, ‘ஜிங்கு’ போன்றவை ஜப்பானியரின் தொன்மையான ஷிண்டோ வழிபாட்டு இடங்களைக் குறிக்கும். கொஃபுகு-ஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் 50 மீட்டர் உயரம். முதலில் 730-இல் எழுந்து, பல முறை தீக்கிரையாகி, 1426-இல் கட்டிய வடிவில் இன்று நிற்கிறது. பல ஆண்டுகள் நீளும் பழுதுபார்ப்புக்காக அதை இப்போது மூடி வைத்திருப்பதால் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கோயிலின் அருங்காட்சியகத்தில் 734-இல் செய்த அசுரர் சிலை இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை, மெலிந்த உடல், இளைஞனுக்குரிய கவலை தோய்ந்த முகம். இந்தியப் புராணத்தில் தேவர்களோடு போரிட்ட அசுரன் பௌத்தத்தில் புத்தரின் காவலனாக மாறிய கதையை அந்த முகத்தைப் பார்த்தாலே ஊகித்துவிடலாம்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் மான்கள் தொடங்கிவிடும். நாரா பூங்கா 1880-இல் அமைந்தது. பரப்பு 500 ஹெக்டேருக்கும் மேல். வேலியும் கூண்டும் இல்லாத இந்த வெளியில் 1,200-க்கும் அதிகமான சிக்கா மான்கள் வாழ்கின்றன. கோடையில் உடலில் வெண்புள்ளிகள் தெரியும். குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து பழுப்பாகிப் புள்ளிகள் மறைந்துவிடும். இவற்றுக்கு உரிமையாளர் எவரும் இல்லை. சட்டப்படி இவை காட்டு விலங்குகள். 1957 முதல் நாட்டின் இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

பூங்காவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கசுகா தைஷாவின் தெய்வங்களில் ஒருவரான தகெமிகசுச்சி, தொலைவிலுள்ள கஷிமாவிலிருந்து வெள்ளை மான் மீதேறி இங்கே வந்தார் என்பது ஐதிகம். அதனால் மான்கள் தெய்வத்தின் தூதர்கள். அவற்றைக் கொல்வது பெருங்குற்றமாக இருந்த காலம் உண்டு. அந்தப் பக்தியும் பஞ்ச காலத்தில் முழுதாகக் கைகொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் எண்ணிப் பார்த்தபோது எஞ்சியிருந்தவை 79 மான்கள்தான். இன்றைய மந்தை முழுவதும் அந்த 79-இலிருந்து பெருகியது.

பாதையோரம் விற்கும் ‘சிக்கா சென்பே’ என்ற வட்டமான பிஸ்கட் அரிசித் தவிடும் மாவும் கலந்தது. சர்க்கரை கிடையாது. பிஸ்கட் கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை மான் தின்றாலும் கெடுதல் இல்லாதபடி செய்திருக்கிறார்கள். விற்பனை வருமானத்தில் ஒரு பங்கு மான் பாதுகாப்புக்குப் போகிறது. பிஸ்கட்டைக் கண்டதும் மான் தலையைத் தாழ்த்தி வணங்குவதுபோல் செய்யும். மரியாதை என்று அதைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பொறுமை இழந்த விலங்கின் அவசரமும் அதில் கலந்திருக்கிறது. தருவதுபோல் காட்டித் தராமல் விளையாடுபவரின் சட்டையைக் கடித்து இழுக்கும், முட்டவும் செய்யும். மே முதல் ஜூலை வரை குட்டியோடு இருக்கும் பெண் மானையும், இலையுதிர்காலத்தில் இணை தேடும் ஆண் மானையும் நெருங்கக் கூடாது. ஆண் மான்கள் கூட்டத்தில் யாரையும் குத்திவிடாமல் இருக்க, அக்டோபரில் அவற்றின் கொம்பை அறுக்கும் விழா நடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வழக்கம் இது.

பயணிகள் கொண்டுவரும் பிளாஸ்டிக் பை மான்களுக்கு எமன். உணவு வாசனை ஒட்டியிருக்கும் பையை அவை விழுங்கிவிடுகின்றன. 2019-இல் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் சுருண்டிருந்தது. பூங்காவில் குப்பைத் தொட்டிகளைக் காண்பது அரிது. அவரவர் குப்பையை அவரவரே எடுத்துப்போக வேண்டும்.

மான் எதையெல்லாம் மாற்றியிருக்கிறது என்பதைக் கவனித்தால் பூங்கா வேறு மாதிரி தெரியும். புல்வெளியை வெட்ட ஆள் தேவைப்படுவதில்லை. மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் மானின் வாய் எட்டும் உயரத்துக்கு மேலே கோடு கிழித்ததுபோல் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. மான் தொடாத நச்சுச் செடியான அசெபி மட்டும் புதர் புதராகச் செழித்திருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்களின் புழுக்கையை யார் அள்ளுகிறார்கள் என்றால், சாண வண்டுகள். நீல நிறத்தில் மின்னும் ஒரு வகை வண்டும் இவற்றில் உண்டு. குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கும் காட்சி அது.

புல்வெளியைத் தாண்டினால் தோதாய்-ஜியின் தெற்குப் பெருவாயில். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கட்டிய இந்த வாயிலின் இருபுறமும் எட்டு மீட்டருக்கும் உயரமான துவாரபாலகர்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளின் தலைமையில் 1203-இல் இவற்றை மரத்தில் செதுக்கிச் சேர்த்து முடிக்க ஆன காலம் சுமார் எழுபது நாள்.

735-இல் தொடங்கிய பெரியம்மை நாட்டைச் சூறையாடிய பிறகு, பேரரசர் ஷோமு 743-இல் மாபெரும் புத்தர் சிலை ஒன்றை வார்க்க ஆணையிட்டார். வைரோசன புத்தரின் அந்தச் செம்புச் சிலை அமர்ந்த நிலையில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். கீழிருந்து மேலாக எட்டுக் கட்டங்களில் வார்த்து ஏற்றினார்கள். 752-இல் கண் திறப்பு நடந்தது. தமிழ்நாட்டு ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைப் போன்ற சடங்குதான். அதை நடத்தியவர் தென்னிந்தியாவில் பிறந்த போதிசேனர் என்ற துறவி. 736-இல் ஜப்பான் வந்து சேர்ந்தவர் அவர். விழிகளை வரைய அவர் எடுத்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாக ஆயிற்று. அந்தத் தூரிகையும் கயிறும் கோயிலுக்குப் பின்னாலுள்ள ஷோசோ-இன் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. எரிந்து சீரமைத்த சிலைக்கு 1185-இல் மறுபடி கண் திறந்தபோது, பதவி துறந்த பேரரசர் கோ-ஷிரகவா அதே தூரிகையைக் கையில் எடுத்தார்.

சிலை இன்று இருப்பது பல காலங்களின் ஒட்டாக. 855-இல் நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180-இலும் 1567-இலும் போர்த் தீ மண்டபத்தை அழித்தது. இப்போதுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீடத்துத் தாமரை இதழ்கள் சிலவற்றில் மட்டும் எட்டாம் நூற்றாண்டின் கோடுகள் எஞ்சியுள்ளன. மண்டபம் 1709-இல் முடிந்தது. பழைய மண்டபத்தின் அகலம் 86 மீட்டர், புதியதன் அகலம் 57. அப்படிச் சுருங்கியும் இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை உலகின் மிகப்பெரிய மரக்கட்டடம் என்ற பெயர் இதற்கு இருந்தது. உள்ளே தூண்களை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே மரத்தில் செய்தவை அல்ல. பல துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியவை. அவ்வளவு பருத்த மரங்கள் அதற்குள் நாட்டில் தீர்ந்துபோயிருந்தன. கோயில் கட்டியே காடுகள் கரைந்தன என்பதற்கு அந்தத் தூண்களே சாட்சி.

காடு கரையாத இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கசுகா தைஷாவுக்குப் பின்னாலுள்ள மலையில் வேட்டையும் மரம் வெட்டலும் 841-இல் தடை செய்யப்பட்டன. அந்தத் தடையால் பிழைத்த கசுகாயாமா தொல்காடு, மூன்றரை லட்சம் பேர் வாழும் நகரத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. 1998-இல் நாராவின் கோயில்களோடு சேர்த்து இந்தக் காட்டையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. கசுகா தைஷா 768-இல் ஃபுஜிவாரா குலத்தார் நிறுவிய கோயில். அதற்குப் போகும் வழி நெடுகக் கல்விளக்குகள், கூரையோரம் வெண்கல விளக்குகள். மொத்தம் சுமார் 3,000. பிப்ரவரித் தொடக்கத்திலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். மற்ற நாட்களில் பாசி படிந்த விளக்குகளின் இடையே மான்கள் தலை நீட்டும்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் இசுய்-என் தோட்டம். முன்பகுதி 1670-களில் அமைந்தது, பின்பகுதி 1899-இல். பின்பகுதியின் குளக்கரையில் நின்றால் தோதாய்-ஜி வாயிலின் கூரையும் அதற்குப் பின்னால் வக்ககுசா மலையும் தோட்டத்தின் பகுதிகளாகவே தெரியும். தன் எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்ணளவில் தனதாக்கிக்கொள்ளும் இந்த உத்தியை ஜப்பானியர் ‘ஷக்கெய்’, அதாவது கடன் வாங்கிய காட்சி, என்பார்கள். நடுவில் வரக்கூடிய தெருவையும் சுவரையும் மரங்கள் மறைத்துவிடுகின்றன.

மறுநாள் கியோத்தோ. பொன் வேய்ந்த கின்ககு-ஜி எல்லோர் பட்டியலிலும் முதலில் இருக்கும். 1397-இல் தொடங்கிய அந்த மாளிகை 1950-இல் தீ வைக்கப்பட்டு எரிந்தது. இன்றிருப்பது 1955-இல் மீண்டும் கட்டியது. குளத்தில் விழும் நிழலோடு அழகாகத்தான் இருக்கிறது. கூட்டம் தள்ளிக்கொண்டே போகும் பாதையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் ரியோ-ஆன்-ஜி. 1450-இல் ஹொசோகவா கட்சுமோத்தோ நிறுவிய இந்த ஜென் கோயில், உள்நாட்டுப் போரில் எரிந்து, அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் மீண்டும் எழுந்தது. இதன் கல் தோட்டம் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வாரிக் கோடிட்ட வெண்சரளை, அதில் ஐந்து குழுக்களாகப் பதினைந்து பாறைகள். பாறையடியில் ஒட்டிய பாசியைத் தவிரச் செடி கொடி இல்லை. திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு பாறையாவது மற்றொன்றின் பின் மறைந்துவிடும்; பதினான்குதான் எண்ணில் வரும். யார் அமைத்தார்கள், என்ன பொருள் என்பதற்குப் பதிவு இல்லை. கடலில் தீவுகள் என்றும், குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி என்றும் விளக்கங்கள் உண்டு. விளக்கத்தை விட்டுவிட்டு, எண்ணெய் கலந்த களிமண்ணால் எழுப்பிய தாழ்ந்த சுவரில் நூற்றாண்டுகளாகக் கசிந்து படிந்த கறைகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்காருவது நல்லது. காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பள்ளிக் குழந்தைகளின் கூச்சலில் ஜென் தேடுவது வீண்.

கோயிலுக்குக் கீழே, ரியோ-ஆன்-ஜி நிலையத்தில் ஏறி ஒரு முறை வண்டி மாறினால் டிராம் அரஷியாமாவில் கொண்டுவிடும். தென்ரியு-ஜி அங்கே இருக்கிறது. பேரரசர் கோ-தைகோவின் ஆன்மா சாந்தியடைய 1339-இல் ஷோகுன் அஷிகாகா தகாவுஜி எழுப்பியது. முதல் தலைமைத் துறவி முசோ சோசெகி அமைத்த குளத்தோட்டம் அரஷியாமா மலையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. எட்டு முறை தீப்பிடித்து இங்குள்ள கட்டடங்கள் எல்லாம் போயின, தோட்டத்தின் அமைப்பு மட்டும் தங்கியது. நீர் விழாத அருவியொன்று குளத்தின் எதிர்க்கரையில் பாறைகளாலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏறும் மீனாக ஒரு கல்.

அரஷியாமாவில் ஓடும் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தால் இவத்தயாமா குரங்குப் பூங்காவுக்கு ஏறும் பாதை. சுமார் இருபது நிமிட ஏற்றம், கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. உச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குரங்குகள் கட்டின்றித் திரிகின்றன. சிவந்த முகம், குட்டை வால், அடர்ந்த ரோமம். உலகின் குரங்கினங்களில் மிக வடக்கே வரை இயற்கையாக வாழ்வது இந்த இனம்தான். தீனி கொடுக்க விரும்புபவர் கம்பிவலை அடித்த அறைக்குள் போய்விட வேண்டும். குரங்கு வெளியிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்ளும். பாதையில் உணவைக் கையில் எடுக்கக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. முறைப்பதை அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குரங்குகளிடம் விசித்திரமான பழக்கம் ஒன்றை மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் 1979-இல் முதன்முதலாகக் கவனித்தார். வயிறு நிறைந்த குரங்கு கூழாங்கற்களைச் சேர்த்துக் குவிக்கிறது, உருட்டுகிறது, ஒன்றோடொன்று தட்டுகிறது, பிறகு விட்டுவிட்டுப் போகிறது. உணவுக்கோ தற்காப்புக்கோ அதனால் பயனில்லை. குட்டிகள் பார்த்துப் பழகிக்கொண்டு இது தலைமுறை தலைமுறையாகப் பரவியது. ரியோ-ஆன்-ஜியில் காலை முழுவதும் பாறைகளுக்குப் பொருள் தேடியவர்கள் இதைப் பார்த்தால் சிரித்துக்கொள்ளலாம்.

மார்ச் இறுதியில் செர்ரி பூக்கும்போதும் நவம்பர் பிற்பகுதியில் மேப்பிள் சிவக்கும்போதும் இரண்டு ஊர்களும் நிரம்பி வழியும். விடுதி வாடகையும் ஏறிவிடும். ஜூன் மாத மழையைப் பயணிகள் தவிர்க்கிறார்கள், ஆனால் பாசி அதிகம் பச்சையாக இருப்பது அப்போதுதான். மான் குட்டிகளையும் அப்போது பார்க்கலாம். அந்த மாதத்தில் போகிறவர்கள் அரஷியாமாவுக்குத் தெற்கிலுள்ள சைஹோ-ஜியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 120 வகைப் பாசிகள் தரையை மூடிய தோட்டம் அது. நேரே வாசலுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள்; கூட்டத்தால் பாசி கெடுகிறது என்று 1977 முதல் முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. விமானச் சீட்டு எடுத்த கையோடு அந்த விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுவது நல்லது.