ஒதுக்கும் நிகழத்தகு பொறுப்பும்: நிதிநிலை அறிக்கையில் உறுதியற்ற கடன்களின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

கொடுக்க வேண்டி வருமா, வந்தால் எப்போது, எவ்வளவு என்பன உறுதியாகத் தெரியாத கடன்களை நிறுவனங்கள் தம் நிதிநிலை அறிக்கையில் எவ்வாறு காட்ட வேண்டும் என்பதை இந்தியக் கணக்கியல் தரம் 37, கணக்கியல் தரம் 29 ஆகியவை வரையறுக்கின்றன. அவற்றின் அடிப்படைக் கருத்துகளை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையைச் சார்ந்த ரோட்டார்க் நிறுவனத்தின் வரி வழக்கும், 2019இல் தீர்ப்பான தொலைத்தொடர்பு உரிமக் கட்டண வழக்கும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒதுக்கு, நிகழத்தகு பொறுப்பு, நிகழத்தகு சொத்து, உத்தரவாதம், உரிமக் கட்டணம்

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைக் காண்பவர், அந்நிறுவனம் தரவேண்டிய கடன்கள் யாவும் அதில் அடங்கியிருப்பதாகக் கருதுவது இயல்பு. கடனீந்தோர், வங்கிக் கடன், செலுத்த வேண்டிய சம்பளம் என்று தொகை தெரிந்தவையெல்லாம் அங்கே உள்ளன. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வரி வழக்கு, விற்ற பொருளுக்குக் கொடுத்த உத்தரவாதம், துணை நிறுவனத்திற்காக வங்கியில் இட்ட பிணைக் கையொப்பம் ஆகியவை எங்கே உள்ளன? அவற்றுள் சில பொறுப்புகள் பக்கத்தில் தொகையாக இருக்கும். சில, கணக்குகளுக்குப் பின்னிணைந்த குறிப்புகளில் சொற்களாக மட்டும் இருக்கும். சில எங்குமே இரா. எது எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே இங்குப் பேசப்படும் தரங்களின் பணி. அம்முடிவு ஒரு நிறுவனத்தின் இலாபத்தை நட்டமாகவும் மாற்றவல்லது.

பன்னாட்டளவில் இப்பொருளுக்கான தரம் 1998இல் வெளியிடப்பட்டு 1999 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தழுவிய இந்தியக் கணக்கியல் தரம் 37, 2015இல் அறிவிக்கப்பட்டது. 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. புதிய தரங்களின் வரம்புக்குள் வாராத நிறுவனங்கள் பழைய கணக்கியல் தரம் 29ஐப் பின்பற்றுகின்றன.

கலைச்சொல் குறித்து

தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘ஐயக்கடன் ஒதுக்கு’ என்று வழங்கும் சொல்லையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இலங்கையில் ‘ஏற்பாடு’ என்பது வழக்கு. இரண்டாவது கலைச்சொல்லில்தான் சிக்கல் மிகுதி. ‘எதிர்பாராப் பொறுப்பு’ என்று எழுதுவோர் பலர். ஆனால் வழக்குத் தொடரப்பட்டு, வழக்கறிஞர் அமர்த்தப்பட்டு, ஆண்டுதோறும் குறிப்பில் எழுதப்படும் ஒரு தொகையை எதிர்பாராதது என்பது பொருந்தாது. அது எதிர்பார்க்கப்படுவதே, நிகழுமா என்பதுதான் ஐயம். ஆகவே ‘நிகழத்தகு பொறுப்பு’ என்பதே கருத்துக்கு நெருக்கமானது.

ஒதுக்கையும் காப்பையும் ஒன்றெனக் கொள்வதும் தவறு. காப்பு என்பது ஈட்டிய இலாபத்திலிருந்து எடுத்து வைப்பது, உரிமையாளரின் பங்கு. ஒதுக்கு என்பது பிறருக்குத் தரவேண்டிய கடன். இலாபம் இல்லாத ஆண்டிலும் அதனை உருவாக்கியே ஆக வேண்டும்.

ஏற்பதற்கான நிபந்தனைகள்

ஒதுக்கை ஏற்கத் தரம் 37 மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. கடந்த நிகழ்வு ஒன்றின் விளைவாக நிகழ்காலத்தில் ஒரு கடப்பாடு இருத்தல் வேண்டும். அதனைத் தீர்க்கப் பொருள்வளம் வெளியேறுவதற்கான வாய்ப்பு, வெளியேறாமைக்கான வாய்ப்பினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். தொகையை நம்பத்தக்க வகையில் மதிப்பிட இயல வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது ஒதுக்கு. கடப்பாடு உண்டா என்பதே உறுதிப்படாதபோதும், கடப்பாடு இருந்தும் வெளியேறும் வாய்ப்பு பாதிக்கு மேற்படாதபோதும் அது நிகழத்தகு பொறுப்பு. குறிப்பில் வெளியிட்டால் போதும். வாய்ப்பு மிகத் தொலைவானதாயின் குறிப்பும் வேண்டா. மூன்றாம் நிபந்தனை தவறுவது மிக அரிது என்பது தரத்தின் நிலை; தொகை தெரியவில்லை என்று சொல்லித் தப்புவது எளிதன்று.

இவற்றுள் நுட்பமானது முதல் நிபந்தனை. கடப்பாடு சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ மட்டும் வருவதன்று. விற்ற துணியைக் காரணம் கேளாமல் மாற்றித் தருவதை நெடுநாள் வழக்கமாகக் கொண்ட ஒரு கடையை எண்ணுக. எழுத்தில் எதுவும் இல்லை. ஆயினும் வாங்குவோர் அதனை நம்பியே வாங்குகின்றனர். அந்நம்பிக்கையைக் கடையே தன் நடத்தையால் உருவாக்கியிருப்பதால் அது கடப்பாடாகிறது.

மறுபுறம், செலவு வருவது உறுதி என்பதனாலேயே கடப்பாடு தோன்றிவிடாது. பேருந்து வைத்திருப்பவர் அடுத்த ஆண்டு எஃப்.சி. எடுக்க வண்டியைப் பழுதுபார்த்து வண்ணம் பூச வேண்டும் என்பதை அறிவார். அச்செலவுக்கு இவ்வாண்டே ஒதுக்கு ஏற்படுத்த இயலாது. அவர் வண்டியை விற்றுவிடலாம், ஓட்டாமல் நிறுத்தலாம். தன் எதிர்காலச் செயலால் தவிர்க்கத்தக்க செலவு நிகழ்காலக் கடப்பாடு ஆகாது. வருங்கால நட்டத்திற்கு ஒதுக்கு ஏற்படுத்தலாகாது என்ற விதியும் இதன் தொடர்ச்சியே. மேலாண்மையில் இருப்போர் நல்ல ஆண்டின் இலாபத்தில் ஒரு பகுதியை ‘ஒதுக்கு’ என்ற பெயரில் ஒளித்து வைத்து, மெலிந்த ஆண்டில் வெளியே எடுத்து, ஆண்டுதோறும் சீராக வளர்வதாகக் காட்டும் பழக்கத்திற்குத் தடையிடுவதே இதன் நோக்கம். குறைத்துக் காட்டுவதை மட்டுமே குற்றமாகக் கருதுவோர் இதனைக் கவனிப்பதில்லை. மிகையான ஒதுக்கும் பொய்க்கணக்கே.

ரோட்டார்க் வழக்கு

உத்தரவாதம் ஒதுக்கா, நிகழத்தகு பொறுப்பா என்னும் வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் விடையளித்தது. சென்னையைச் சார்ந்த ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா நிறுவனம், வால்வுகளை இயக்கும் ஆக்சுவேட்டர் கருவிகளை விற்றுவந்தது. கருவியை நிறுவிய 12 மாதங்களுக்குள், அல்லது அனுப்பிய 18 மாதங்களுக்குள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, பழுதானால் சரிசெய்து தருவதாக உத்தரவாதம் அளித்திருந்தது. கடந்த கால அனுபவத்தின் அடிப்படையில் விற்றுமுதலின் 1.5 விழுக்காட்டை ஒதுக்காக வைத்து, அதனை வருமானத்திலிருந்து கழிக்கக் கோரியது. வாடிக்கையாளர் எவரும் இன்னும் கோராத தொகை நிகழத்தகு பொறுப்பே என்பது வருமான வரித்துறையின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. செலவு நேரும்போது எழுதலாம். வாடிக்கையாளர் கோரும்போது எழுதலாம். விற்பனை நேர்ந்தபோதே அனுபவத்தின்படி ஒரு விழுக்காட்டை எழுதலாம். இம்மூன்று வழிகளையும் ஒப்பிட்ட நீதிமன்றம், மூன்றாவதே பொருத்தமானது என்றது. ஒரு கருவி பழுதாகுமா என்பது ஐயத்திற்குரியது. பெருந்தொகையாக விற்கப்படும் நுட்பக் கருவிகளில் சில பழுதாகும் என்பது அனுபவத்தில் நிறுவப்பட்டது. தனியொன்றில் ஐயமாக இருப்பது தொகுதியில் கணக்கிடத்தக்கதாகிறது. அதற்கேற்ற நம்பகமான கடந்த காலத் தரவு வேண்டும் என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. எண்ணமாக ஒரு விழுக்காட்டைச் சொல்லிக் கழிவு பெறும் உரிமம் அன்று இத்தீர்ப்பு. பின்னர் 2016-17 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த வருமானக் கணக்கீட்டுத் தரம் 10, ‘வாய்ப்பு மிகுதி’ என்பதற்கு மாறாகப் ‘போதிய உறுதி’ வேண்டும் என்று வரிக்கணக்கில் அளவுகோலை உயர்த்தியது. எனவே நிறுவனக் கணக்கில் ஒதுக்காக நிற்கும் தொகை வரிக்கணக்கில் ஏற்கப்படாமல் போகவும் கூடும்.

அளவிடல்

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் ஓர் உற்பத்தியாளர் ஓராண்டில் 10,000 வெட் கிரைண்டர்களை விற்கிறார். அனுபவத்தில் நூற்றுக்கு 80 பழுதாவதில்லை; 15க்குச் சிறு பழுது, ஒவ்வொன்றுக்கும் 600 ரூபாய்; 5க்கு மோட்டார் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 3,000 ரூபாய். சிறு பழுதுக்கு 1,500 கருவிகளுக்கு 9 இலட்சம்; மோட்டாருக்கு 500 கருவிகளுக்கு 15 இலட்சம்; ஒதுக்கு 24 இலட்சம் ரூபாய். விற்ற ஆண்டிலேயே உத்தரவாதச் செலவைப் பற்று வைத்து, உத்தரவாத ஒதுக்கை வரவு வைக்க வேண்டும். மறு ஆண்டில் உண்மையில் 17 இலட்சம் செலவாகி உத்தரவாதக் காலமும் முடிந்தால், எஞ்சிய 7 இலட்சத்தை இலாப நட்டக் கணக்கிற்குத் திருப்ப வேண்டும். அதனை வேறொரு வழக்கின் செலவுக்கு எடுத்தாளக் கூடாது.

பல கடப்பாடுகள் சேர்ந்த தொகுதிக்கே இச்சராசரி முறை பொருந்தும். ஒரே ஒரு வழக்கானால், நிகழ மிகுந்த வாய்ப்புள்ள முடிவின் தொகையே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும்.

நெடுங்காலம் கழித்துத் தரவேண்டியதைத் தரம் 37 இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டச் சொல்கிறது. 20 ஆண்டுகளுக்குப் பின் ஆலையை அகற்றி நிலத்தைச் சீராக்க 10 கோடி ரூபாய் ஆகுமெனில், 8 விழுக்காட்டில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 2.15 கோடி. முதலாண்டில் 17 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் நிதிச் செலவாகச் சேரும்; இவ்வாறே வளர்ந்து இருபதாம் ஆண்டில் 10 கோடியை எட்டும். பழைய தரம் 29, ஆலை அகற்றல் போன்ற கடப்பாடுகள் நீங்கலாக, இவ்வாறு குறைத்தலை ஏற்பதில்லை.

தொலைத்தொடர்பு உரிமக் கட்டண வழக்கு

1999ஆம் ஆண்டுக் கொள்கைப்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிலையான உரிமக் கட்டணத்திலிருந்து வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறின. பங்கிடப்படும் வருவாய் எது என்பதில் வழக்கு எழுந்தது. தொலைத்தொடர்புச் சேவையால் வருவது மட்டுமே என்றன நிறுவனங்கள். வட்டி, ஈவுத்தொகை, வாடகை முதலியனவும் அடங்கும் என்றது தொலைத்தொடர்புத் துறை. உரிம ஒப்பந்தத்தின் வரையறையைத் தீர்ப்பாயம் கேள்விக்குள்ளாக்க இயலாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் தீர்ப்பாயம் பல இனங்களில் நிறுவனங்களுக்குச் சார்பாக முடிவு செய்தது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் துறையின் வரையறையை உறுதி செய்தது.

இங்குக் காலமே முதல் பாடம். காலாண்டு செப்டம்பர் 30இல் முடிந்துவிட்டது. தீர்ப்பு அதன்பின் வந்தது. ஆயினும் நவம்பர் 14 அன்று வெளியான முடிவுகளில், செப்டம்பர் காலாண்டிலேயே நிறுவனங்கள் அப்பொறுப்பை ஏற்றன. கணக்கு முடிவு நாளுக்குப் பின்னும், கணக்கு ஒப்புதல் பெறுவதற்கு முன்னும் வரும் தீர்ப்பு, முடிவு நாளிலேயே கடப்பாடு இருந்ததை உறுதிப்படுத்துவதால் கணக்கைத் திருத்தியாக வேண்டும் என்பது தரம் 10இன் விதி. அக்காலாண்டில் வோடஃபோன் ஐடியாவின் நிகர நட்டம் 50,921 கோடி ரூபாய். பார்தி ஏர்டெலின் நட்டம் 23,045 கோடி.

ஏர்டெல் அக்காலாண்டில் இவ்வழக்கிற்காக ஏற்ற 28,450 கோடியின் பகுப்பு கருதத்தக்கது. அசல் 6,164 கோடி. வட்டி 12,219 கோடி. அபராதம் 3,760 கோடி. அபராதத்தின் மீதான வட்டி 6,307 கோடி. அசல் நான்கில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை. வழக்கு நடந்த ஆண்டுகளே கடனின் பெரும்பகுதியை உருவாக்கின. நிகழத்தகு பொறுப்பைக் குறிப்பில் எழுதும்போது அசலை மட்டும் எழுதி, ‘வட்டி நீங்கலாக’ என்று முடிப்பது எத்துணைக் குறையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2015 தீர்ப்பாய முடிவைக் காட்டி, பொருள்வளம் வெளியேறும் வாய்ப்பு பாதிக்குக் கீழ் என்று ஒருவர் வாதிட்டிருக்கலாம். 2011 தீர்ப்பைக் காட்டி அதனை மறுத்திருக்கவும் கூடும். தரத்தின் வலுக்குறை இங்கே புலப்படுகிறது. வாய்ப்பு 49 விழுக்காடு என்று மதிப்பிட்டால் இருப்புநிலைக் குறிப்பில் சுழியம். 51 என்றால் முழுத்தொகை. வழக்கறிஞரின் கருத்துரையில் ஒரு சொல் மாறினால் பல்லாயிரம் கோடி இடம்பெயரும். நடுவில் படிக்கட்டு இல்லை. தீர்ப்புக்குப் பின் வோடஃபோன் ஐடியா, தொடர்ந்து இயங்கும் தன் ஆற்றல் அரசின் நிவாரணத்தைப் பொறுத்தது என்று அறிக்கையில் எழுத நேர்ந்தது. 2020 செப்டம்பரில் நிலுவையைப் பத்தாண்டுகளில் செலுத்த நீதிமன்றம் இசைந்தது. பங்குகளை வைத்திருந்த சிறு முதலீட்டாளருக்கு அது காலம் கடந்த செய்தி.

வெளியிடலும் அதனைப் படித்தலும்

நிகழத்தகு பொறுப்பின் தன்மை, நிதி விளைவின் மதிப்பீடு, தொகையிலும் காலத்திலும் உள்ள உறுதியின்மை, வேறொருவரிடமிருந்து ஈடு பெறும் வாய்ப்பு ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்பது விதி. விவரங்களை வெளியிடுவது வழக்கில் தன் நிலையைக் கடுமையாகப் பாதிக்குமாயின், மிக அரிதாக, வழக்கின் பொதுத்தன்மையையும் வெளியிடாமைக்கான காரணத்தையும் மட்டும் கூறலாம். நடைமுறையில் பல அறிக்கைகள், நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தரும் ‘கடனாக ஏற்கப்படாத உரிமைக்கோரல்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒற்றைத் தொகையோடு நின்றுவிடுகின்றன. எத்தனை வழக்குகள், எந்த மன்றத்தில், எத்தனை ஆண்டுகளாக என்பன அங்கே இரா. வரி முதலிய சட்டப்படியான நிலுவைகளைப் பொறுத்தவரை, அவற்றைத் தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில் தேட வேண்டும். வழக்கிலுள்ள அத்தகைய நிலுவைகளைத் தொகையோடும் மன்றத்தின் பெயரோடும் பட்டியலிடுவது தணிக்கையாளரின் கடமை. குறிப்பிலுள்ள தொகையை நிறுவனத்தின் நிகர மதிப்போடு ஒப்பிடுவதும், மூன்று நான்கு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து அது எவ்வாறு வளர்கிறது என்று காண்பதும் ஆய்வாளர்க்கும் முதலீட்டாளர்க்கும் இயலக்கூடியவை.

பிறர் கடனுக்கு அளித்த பிணையும் இத்தலைப்பின்கீழ் நெடுங்காலமாகக் காட்டப்பட்டு வந்தது. புதிய தரங்களில் நிதிப் பிணை ஒப்பந்தங்களின் அளவீடு நிதிக் கருவிகளுக்குரிய தரம் 109இன்கீழ் வருகிறது.

நிகழத்தகு சொத்துக்கு அளவுகோல் வேறு. நாம் தொடுத்த வழக்கில் வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேற்பட்டாலும் அதனை வருவாயாக எழுத இயலாது, குறிப்பில் சொல்லலாம். ஏறத்தாழ ஐயமற்ற நிலை வந்த பின்னரே அது சொத்தாகும். பழைய தரம் 29 நிதிநிலை அறிக்கையில் அதனைக் குறிப்பிடவே இசையவில்லை. ஒரே வழக்கின் இரு தரப்பினரும் ஒரே வாய்ப்பை மதிப்பிட்டபோதிலும், தரவேண்டியவர் கணக்கில் அது கடனாக ஏறிவிடும். பெறவேண்டியவர் கணக்கில் சொத்தாக ஏறாது.