பிரஷர் மாத்திரையும் மூணு கிலோவும்

பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து எடை ஏறுது என்று யாராவது சொன்னால், "நீங்க சோத்தைக் குறைங்க" என்றுதான் பதில் வரும். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு மக்களே. ஏன்னா சில மாத்திரைகள் நிஜமாகவே எடையை ஏத்தும், சிலது ஏத்தாது. எது எதுன்னு தெரியாமல் ரெண்டு பக்கமும் திட்டிக்கிட்டு இருக்கோம்.

போன மாசம் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா போன். "ஏலே, ஆறு மாசத்துல மூணு கிலோ கூடிட்டுல்லா. நாளையிலேர்ந்து மாத்திரைய நிப்பாட்டப் போறேன்." நான் லீட்ஸில் (வெளியே மழை, வேற என்ன) பஸ்ஸுக்கு நிக்கிறேன். "சித்தப்பா, நிப்பாட்டாதீங்க, முதல்ல அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். வந்தது: அம்லோடிபின் 5, அட்டெனலால் 50. நம்மூர் மருந்துக்கடைகளில் ரொம்ப சகஜமான ஜோடி.

இதில் குற்றவாளி அட்டெனலால். பீட்டா பிளாக்கர் வகை. அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டும்போது "சும்மா இரு" என்று மறிக்கிற மருந்து. துடிப்பு குறையும், பிரஷர் குறையும். கூடவே உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தியும் கொஞ்சம் குறையும். அசதி வேற வரும், அதனால் நடையும் குறையும். 2001-இல் ஆர்யா ஷர்மா குழுவினர் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்கள் மத்தவர்களைவிட சுமார் 1.2 கிலோ கூடுதல். அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அப்புறம் அவ்வளவாக ஏறுவதில்லை.

அப்போ மூணு கிலோவில் ஒண்ணு, ஒண்ணரை மாத்திரைக் கணக்கு. மீதிக்கு அல்வாவைத்தான் கேட்கணும் :-)

ஆனால் பயந்தது எடைக்காக இல்லை. பீட்டா பிளாக்கரைத் திடீர்னு நிறுத்தினால், அதுவரை மறிக்கப்பட்டிருந்த அட்ரினலின் மொத்தமாகப் பாயும். படபடப்பு, பிரஷர் எகிறல், நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்தணும்னா டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கணும். இதை மட்டும் சித்தப்பாவிடம் மூணு தடவை சொன்னேன்.

டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "இந்த பீட்டா பிளாக்கர் எனக்கு எதுக்கு?" மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர் என்றால் அதுக்குக் காரணம் இருக்கும், ஒரு கிலோவைப் பொறுத்துக்கலாம். வெறும் பிரஷருக்கு என்றால் எடையைத் தொடாத டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி மருந்துகள் உண்டு. பிரிட்டனில் 2006-லேயே, வேறு காரணம் இல்லாத பிரஷருக்கு முதல் மருந்தாக பீட்டா பிளாக்கர் கொடுப்பதை விட்டுவிடச் சொன்னார்கள். பீட்டா பிளாக்கரே வேணும்னாலும் எல்லாம் ஒண்ணு இல்லை. 2004-இல் வெளிவந்த ஜெமினி ஆய்வில், சர்க்கரையும் பிரஷரும் இருந்தவர்களுக்கு மெட்டோபுரோலால் 1.2 கிலோ ஏத்தியது, கார்வெடிலால் கிட்டத்தட்ட ஏத்தவே இல்லை.

சித்தப்பாவுக்கு இதயத்தில் கோளாறு எதுவும் கிடையாது. அவரோட டாக்டர் ரெண்டு வாரத்தில் அட்டெனலாலைக் குறைத்து டெல்மிசார்டனுக்கு மாத்திவிட்டார். நல்ல மனுஷன், கேள்வி கேட்டதுக்குக் கோபப்படவில்லை.

பீட்டா பிளாக்கரைத் தொடர்பவர்கள் நடக்கும்போது ஒரு விஷயம். 220-இலிருந்து வயசைக் கழித்து நாடித்துடிப்பு இலக்கு வைப்பார்களே, அது இவர்களுக்குச் செல்லாது. எவ்வளவு ஓடினாலும் நாடி ஏறாது; ஏத்தியே தீருவேன்னு மல்லுக்கட்டினால் மயக்கம்தான் மிச்சம். பேச முடியணும், பாட முடியக்கூடாது: அந்த வேகம் போதும். இதில் குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பிரஷர் சுமார் 1 புள்ளி இறங்கும். ஆக, மாத்திரை ஏத்தினதை இறக்கினாலும் லாபம்தான்.

அம்லோடிபினையும் சும்மா விடக்கூடாது. அது கொழுப்பைச் சேர்க்காது, சிலருக்குக் கணுக்காலில் நீர் கோக்கும். செருப்பு இறுக்கும், சாயங்காலம் கூடும். இதையும் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லை மாத்துவார். ஆனால் மூணே நாளில் ரெண்டு கிலோ ஏறி, மூச்சும் வாங்கினால் அது மாத்திரை விவகாரம் இல்லை, இதயம் திணறுவதாக இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.